அண்ணாரின் அல்ல, அன்னாரின்

அப்பா தவறி இரண்டாம் நாள் காலை. கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கை ஏ9 வீதியில் ஏறும் இடத்தில் பனர் கட்டியிருந்தார்கள். வெள்ளை வேட்டியோடு அப்பாவின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே 'அண்ணாரின் இறுதிக்கிரியைகள்' என்று இருந்தது. அப்பாவின் பெயரில் புகழ் என்ற சொல் வரும். அது 'புகள்' ஆகியிருந்தது. அதற்கும் கீழே, 'ஆழ்ந்த இறங்கல்'.

அழுது முடித்த கண்ணோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சாவைப் போட்டுவிட்டு எழுத்துப்பிழை பார்க்கிறாளே என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதனின் பெயரை ஊர் கடைசியாக வாசிக்கிற இடம் அது. அங்கே பெயர் பிழைத்தால் அவர் வந்து திருத்த மாட்டார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த பிறகு அந்தப் பனர் அடித்த கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், உண்மையைச் சொல்கிறேன். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த தம்பிக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். "எல்லாரும் இப்பிடித்தானே அக்கா போடுறவை," என்று திரையைத் திருப்பிக் காட்டினான். அதில் ஒரு பழைய பைல். படமும் பெயரும் திகதியும்தான் ஆளுக்கு ஆள் மாறும். 'அண்ணாரின்', 'இறங்கல்' இரண்டும் மாறாமல் அப்படியே இருக்கும். எப்போதோ ஒருவர் பிழையாக அடித்ததை எத்தனை சாவுகளுக்குத் தூக்கி வந்திருக்கிறோம்!

அன்னார் என்றால் அத்தகையவர், அவர். மதிப்புக்குரிய ஒரு சுட்டுச்சொல், அவ்வளவுதான். அண்ணாவோடு அதற்கு ஒரு சொந்தமும் இல்லை. இரங்குதல் மனம் உருகுவது. இறங்குதல் பஸ்சை விட்டுக் கீழே வருவது. இன்னொன்றையும் அன்றே சொல்லிக் கொடுத்தேன். இறந்தார் என்றால் செத்துப்போனார், இரந்தார் என்றால் பிச்சை எடுத்தார். அதைக் கேட்டதும் அவன் கை கீபோட்டில் அப்படியே நின்றுவிட்டது.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வயதைக் கணக்குப் பார்த்தேன். யுத்தம் முடிந்த 2009இல் இந்தப் பிள்ளைக்கு அஞ்சு, ஆறு வயது. ஏடு தொடக்கி எழுத்துப் பழக வேண்டிய காலத்தில் பங்கருக்குள்ளும், பிறகு செட்டிகுளத்து முகாமில் தறப்பாளுக்குக் கீழேயும் இருந்த தலைமுறை அது. இவர்களைப் பார்த்து 'தமிழ் தெரியாததுகள்' என்று வெளிநாட்டிலிருந்து கொமென்ற் போடுகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள், சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ண, ன, ந, ல, ள, ழ, ர, ற என்ற எட்டையும் மயங்கொலி எழுத்துகள் என்பார்கள். அவற்றைப் பட்டியலாகப் பாடமாக்குவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது, வாயால்தான் ஏறும். ண், ன், ந் மூன்றில் டகரத்துக்கு முன்னால் வருவது ண்: வண்டி. றகரத்துக்கு முன்னால் வருவது ன்: கன்று. தகரத்துக்கு முன்னால் வருவது ந்: பந்து. ஒவ்வொரு சோடிக்கும் நாக்கு படுகிற இடம் ஒன்றுதான். பிள்ளையை இந்த மூன்றையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு மேலண்ணத்திலிருந்து பல்லுக்கு இறங்கி வருவது அதற்கே தெரியும். ழகரம்தான் எங்களுக்குக் கஷ்டம். கதைக்கும்போது மழையை 'மளை' என்றும் பழத்தை 'பளம்' என்றும்தான் சொல்கிறோம். காதுக்குக் கிடைக்காத எழுத்தைக் கை எப்படி எழுதும்? அதனால் வாசிப்பில் மட்டுமாவது ழகரத்தை வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். போனில் எழுதும்போது மேலே வருகிற சொல்லைப் பார்க்காமல் தொட்டுவிட்டுப் போகிற பழக்கம் வேறு வந்துவிட்டது.

ஆனால் பிழை அல்லாததைப் பிழை என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். ஏ9 ஓரம் நிற்கிற ரயர் கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து, 'டயர் என்று எழுதத் தெரியாதா' என்று ஒருவர் பதிவு போட்டிருந்தார். அது பிழை அல்ல. வெற்றி, காற்று என்று நாங்கள் வாசிக்கும்போது நாக்கு நிற்கிற இடம்தான் ஆங்கிலத்து ரீ (T) எழுத்தின் இடம். ஆகவேதான் எங்களுக்கு ரீச்சர், ரயர், அன்ரி, ரொரன்ரோ. தமிழ்நாட்டார் டகரத்தால் எழுதுவது அவர்கள் வழக்கம், இது எங்கள் வழக்கம். ஆனால் அதே வீதியில் ஒரு இரும்புக்கடை 'கூறைத் தகடு' என்று எழுதியிருக்கிறதே, அது பிழைதான். கூறை கலியாணப் பொம்பிளைக்கு உடுத்துவது, கூரை வீட்டுக்குப் போடுவது. எத்தனையோ வருசம் தறப்பாளுக்குக் கீழே இருந்துவிட்டு வீட்டுத்திட்டத்தில் கூரை கண்ட சனம் நாங்கள், அந்தச் சொல்லையாவது சரியாக எழுத வேண்டாமா?

ஊர்ப் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். கிளியும் நொச்சியும் சேர்ந்த கிளிநொச்சியை 'கிழிநொச்சி' என்று எழுதிக் கிழிக்கிறார்கள். இரணை என்றால் இரட்டை. இரணைதீவு அப்படித்தான், பெரியதீவும் சின்னத்தீவுமாக இரண்டு. இரணைமடுவை 'இரணமடு' என்று எழுதினால் அது புண்ணாகிவிடுகிறது. ரணம் எங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

ஒரு எழுத்துத்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்பாவின் காணிப் பெர்மிற்றில் அவர் பெயர் ழகரத்தோடு இருக்கிறது, இடப்பெயர்வில் தொலைந்து மறுபடி எடுத்த பத்திரத்தில் ளகரத்தோடு. ஆங்கிலத்தில் இன்னும் மோசம், அண்ணாவின் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரை ஒருவிதமாகவும் என்னுடையதில் வேறுவிதமாகவும் போட்டிருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு, ஒரு அலுவலகத்தின் வாங்கில் அப்பா மூன்று நாள் குந்தியிருந்தார். தன் பெயருக்குத் தானே சத்தியம் செய்ய வேண்டிவந்தது அந்த மனிதனுக்கு.

கடையில் அந்தத் தம்பி அன்றே பைலைத் திறந்து இரண்டு சொல்லையும் மாற்றினான். போன மாதம் பரந்தன் பக்கம் ஒரு பனரில் 'அன்னாரின்' என்று பார்த்தேன். அவன் அடித்ததா தெரியாது, ஆனாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் போனேன்.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற கல்வெட்டின், அதுதான் அப்பாவின் நினைவுப் புத்தகத்தின், புரூவ் வந்தபோது, இந்த முறை விடுவதில்லை என்று நானும் அம்மாவும் விளக்கடியில் இருந்து பார்த்தோம். நான் வாசிக்க, அஞ்சாம் வகுப்போடு நின்ற அம்மா பக்கத்தில் இருந்து விரலை வரிக்கு வரி வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு தரம் வாசித்துச் சரி என்று தாளை மடிக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

"பொறு பிள்ளை. கொப்பா காவல் கிடந்தது குலக்கட்டிலயே? அது குளமல்லோ."

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன்.