பானுமதிக்குத் திமிர் என்று சொல்கிறவர்களுக்கு

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டபடி பெரியவர்கள் பழைய படங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவித்திரி பெயர் வந்தது, எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பத்மினி பெயர் வந்ததும் நாட்டியத்துக்குப் பேச்சு போனது. பானுமதி பெயர் வந்தபோது ஒரு மாமா, "நல்லா நடிக்கும், ஆனா திமிர் பிடிச்சது" என்றார். எல்லாத் தலையும் ஆடியது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. அங்கே வயசுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன், இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் குரல். ஐம்பதுகளில் பின்னணிப் பாடகிகள் நன்றாக நிலைபெற்றுவிட்டார்கள். ஜிக்கி, பி. லீலா, பி. சுசீலா பாடுவார்கள், கதாநாயகி வாயசைப்பார். பாடத் தெரிந்த நடிகைகள் ஒவ்வொருவராக ஒதுங்கிப் போன காலம் அது. எஸ். வரலட்சுமி போல ஒருசிலர்தான் தாக்குப்பிடித்தார்கள். பானுமதியோ எம்.ஜி.ஆருக்கு ஜோடி என்றாலும் சிவாஜிக்கு ஜோடி என்றாலும் தன் பாட்டைத் தானே பாடினார். 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் 'மாசிலா உண்மைக் காதலே' பாட்டை இன்றைக்கு ஒருமுறை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஏ.எம். ராஜாவின் குரல் பஞ்சு மாதிரி மிதந்து வரும். பக்கத்தில் பானுமதியின் குரல் கொஞ்சம் கனமாக, சொல்லை அழுத்திப் பிடித்து, முடிக்கும் இடத்தில் லேசாகத் தளர்த்திவிடும். அந்தத் தளர்த்தலை வேறொருவர் பாடி இவர் வாயசைத்திருந்தால் முகத்தில் கொண்டுவந்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். பாட்டும் முகமும் ஒரே ஆளுடையது, அதனால்தான் அது அப்படி ஒட்டுகிறது.

ஓங்கோல் பக்கம் தொட்டவரத்தில் பிறந்து, அப்பாவிடம் சங்கீதம் கற்று, 1939-இல் பதின்மூன்று, பதினான்கு வயதில் தெலுங்குப் படத்தில் நடிக்க வந்த பெண். 1943-இல், உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைத் தானே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் கணவனும் மனைவியுமாகச் சொந்தப் படக் கம்பெனி தொடங்கி, மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ் என்று வைத்தார்கள். சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோவும் வந்தது. 1953-இல் 'சண்டிராணி'. தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் ஒரே சமயத்தில் எடுத்த படம், அதில் இவருக்கு இரட்டை வேடம், இயக்கமும் இவரே. முப்பது வயதுகூட ஆகவில்லை. கேமராவுக்கு முன்னால் நடித்துவிட்டு, அடுத்த நிமிஷம் பின்னால் போய் நின்று அத்தனை ஆண்களிடமும் வேலை வாங்கியிருக்கிறார். குனிந்த தலை நிமிராமல் அதைச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

திமிருக்குச் சாட்சியாக எல்லோரும் எடுத்துப் போடுவது 'மிஸ்ஸம்மா' கதையைத்தான். தெலுங்கில் அந்தப் படத்தின் கதாநாயகி வேடம் முதலில் இவருக்குத்தான் வந்தது. தயாரிப்பாளர் சக்ரபாணியோடு தகராறு, விலகினார். அந்த இடத்துக்கு சாவித்திரி வந்தார், 1955-இல் படம் வெளிவந்து ஓகோ என்று ஓடியது. ஒரு பெரிய வாய்ப்பு போயிற்று, சரி. போனால் போகட்டும் என்று அவரால் இருக்க முடிந்தது, ஏனென்றால் பாட்டுக்கு இன்னொரு குரலையோ படத்துக்கு இன்னொருவர் கம்பெனியையோ நம்பி அவர் இல்லை. அன்றைக்கு எத்தனை நடிகைகளுக்கு அந்த நிலைமை இருந்தது? தெலுங்கில் கதையும் எழுதினார். மாமியாரை வைத்து அவர் எழுதிய நகைச்சுவைக் கதைகளை ('அத்தகாரி கதலு', அதில் ஆவக்காய் ஊறுகாய் போடுகிற கதை ஒன்று உண்டு) தெலுங்குக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நம் பக்கத்தில் பலருக்கு அவர் எழுத்தாளர் என்பதே தெரியாது, அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஆனால் பானுமதி என்றால் எனக்கு 'அன்னை'தான். 1962, ஏவி.எம். படம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். தங்கை பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் அக்கா. தங்கையாக சௌகார் ஜானகி. உண்மை தெரிந்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அந்த அக்காவுக்கு. வேறு யாராவது நடித்திருந்தால் படம் முழுக்க அழுது தீர்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பானுமதி அதட்டுகிறார், கோபப்படுகிறார், வீட்டையே தன் பிடியில் வைத்திருக்கிறார். பயந்துபோன ஒருத்தியின் அதட்டல் அது என்று நமக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. மாமா சொன்ன அந்தத் 'திமிர்' இல்லாத ஒருவரால் இதைச் செய்திருக்கவே முடியாது.

என் தலைமுறைக்கு அவரைப் பாட்டியாகத்தான் முதலில் தெரியும், 1992-இல் 'செம்பருத்தி'யில். அந்த வயதிலும் அதில் சொந்தக் குரலில் பாடியிருந்தார். அதற்குச் சில வருஷம் முன்னால், எண்பதுகளில், சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். 2005 டிசம்பரில் காலமானார்.

'அன்னை' பற்றி இவ்வளவு சொல்ல எனக்குக் காரணம் உண்டு. அம்மா இருக்கும்போதே என்னை வளர்த்தது பெரியம்மா. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஒரு நாள் மத்தியானம் டிவியில் அந்தப் படம் ஓடியது. பெரியம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, முறத்தோடு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். படம் முடிகிற வரை உள்ளே வரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் போட்டார்கள், அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ரேடியோவில் அந்தப் படத்துப் பாட்டு 'பூவாகிக் காயாகி' வந்தால் மட்டும், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு எழுந்து வந்து சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போவார்.