ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும்

"ஊராட்சித் தேர்தலில் பெண்கள் நிற்க 25 வயது நிறைந்திருக்க வேண்டும், திருமணமும் ஆகியிருக்க வேண்டும். அதுவும் மகளிர் வார்டில் மட்டும்தான் நிற்க முடியும்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் சொல்லப்படும் மூன்றுமே தவறு.

வயதிலிருந்து தொடங்குவோம். 25 என்பது சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் உரிய வரம்பு. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பின் 243எஃப் பிரிவு 21 வயது போதும் என்கிறது. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 243வி பிரிவும் அதையே சொல்கிறது. 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானபோது அவருக்கு வயது 21.

திருமணத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. யார் கிளப்பிவிட்டார்களோ!

அப்புறம் இடஒதுக்கீடு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016இல் சட்டமானது. ஒதுக்கீடு என்பது குறைந்தபட்சம்தான், அதோடு நின்றுவிட வேண்டும் என்பதல்ல. பொது வார்டில் ஆண்களை எதிர்த்தும் பெண்கள் போட்டியிடலாம், ஜெயிக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பது. வெளியூரில் படிக்கும், வேலை பார்க்கும் பெண்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இந்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்டத்தைப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால் மாநிலத் தேர்தல் ஆணையத்தைக் கேளுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கள்.