ஆன்லைனில் போட்டாச்சு, ரெண்டு செட் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க

கட்டட அனுமதி ஆன்லைனுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள், வரைபடம் போடுபவர் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆட்டோகேட் என்ற வரைகலை மென்பொருளில் மனை எல்லை, கட்டடம், பார்க்கிங் எல்லாம் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தனித்தனி அடுக்கில் வர வேண்டும். எல்லைக் கோடு ஏதாவது ஒரு மூலையில் மூடாமல் விட்டுப்போனால், வரைபடத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் அதை மனையாகவே எடுத்துக்கொள்ளாது. எனக்கு இந்தக் கறார் பிடித்திருக்கிறது. பக்கவாட்டு இடைவெளி அரை அடி குறைந்தாலும் ஆள் யாரென்று பார்க்காமல் சொல்லிவிடும்.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டு வரைபடம் அப்லோடு ஆன பிறகு அலுவலகத்திலிருந்து போன். "எல்லாம் சரியா இருக்கு சார், ரெண்டு செட் பிரிண்ட் எடுத்துக் குடுத்துருங்க." எதற்கு என்றேன். "மேல பேப்பர்லதான் பார்ப்பாங்க."

டெண்டர் விட்டு மென்பொருள் வாங்குவது சுலபம். எந்த ஃபைல் எந்த மேசையில் நிற்க வேண்டியதில்லை என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். அங்கே யாரோ ஒருவருடைய கையெழுத்துக்கு மதிப்புக் குறைகிறதே!

சிங்கப்பூரிலேயே இது லேசில் நடக்கவில்லை. 2001-லேயே கோர்நெட் என்ற அரசுத் தளம் வழியாகக் கட்டட அனுமதிக்கு ஆன்லைன் விண்ணப்பம் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு துறையிடமும் தனியாகத்தான் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. இருபது வருடங்களுக்கு மேல் கழித்து வந்த அதன் புது வடிவமான கோர்நெட் எக்ஸில்தான் ஏழு துறைகளும் ஒரே முப்பரிமாண மாதிரியை வைத்துக்கொண்டு பேசுகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட ஒப்புதல் கட்டங்கள் மூன்றாகச் சுருங்கியதுதான் அதில் பெரிய வேலை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், அதாவது விதிப்படிதான் கட்டுகிறேன் என்று வீட்டுக்காரரே சான்று கொடுப்பது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால், முன்கூட்டியே ஆய்வுக்கு யாரும் வர வேண்டியதில்லை. கணினியை விட, அந்த ஆய்வை எடுத்துவிட்ட துணிச்சலுக்குத்தான் என் கைதட்டு.

மிச்சம் இருப்பது வரைபடங்களின் சண்டை. மனை அளவுகளைக் காட்டும் புல வரைபடம் வருவாய்த் துறையிடம், எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரைபடம் திட்டக் குழுமத்திடம், ஏரி எல்லை வரைபடம் நீர்வளத் துறையிடம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோடுகள் பொருந்தாது. பொருந்தாத இடத்தில்தான் வீடு வாங்கியவர் மாட்டிக்கொள்கிறார். சென்னையின் மூன்றாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்குமானது. அதற்கு எத்தனை அழகான போர்ட்டல் வேண்டுமானாலும் செய்யட்டும். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் எந்தத் துறை பொறுப்பு, கடைசியாக எந்தத் தேதியில் திருத்தியது என்று போட்டுவிட்டால் போதும், எங்கே போய்ச் சண்டை போடுவது என்றாவது எங்களுக்குத் தெரியும்.