"எத்தனை மாசம் டாக்டர்?"

வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் கேட்பது இதைத்தான், இன்னும் எத்தனை மாசம் உயிரோடு இருப்பார் என்று. அதையும் நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்போம். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று ஒரு வேண்டுகோள் வேறு. குடியாத்தத்தில் என் தாய்மாமாவுக்கு நாக்கில் வந்தபோது அத்தையும் இப்படித்தான் கேட்டார். மாமாவுக்குப் பீடியும் உண்டு, வாயில் அடக்கும் ஹான்ஸ் புகையிலையும் உண்டு. குட்காவுக்கு 2013இலேயே தமிழ்நாட்டில் தடை வந்தாச்சு. பெட்டிக்கடையில் எது எங்கே இருக்கும் என்று மாமாவைக் கேட்டால் தெரியும்.

மாதக் கணக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பெரிய ஆய்வுகளின் நடுப்புள்ளிக் கணக்கிலிருந்து. திரும்பி வந்த அல்லது பரவிவிட்ட நோய்க்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டியில் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு அதிகம் இருந்தவர்களில், உயிரோடு இருந்த காலத்தின் நடுப்புள்ளி இந்த மருந்து எடுத்தவர்களுக்கு 14.9 மாதம், பழைய முறைக்கு 10.7 மாதம். அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள், சிலர் வருடக்கணக்கில். நம் ஆள் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இணையத்தில் தேடினால் இன்னொரு குழப்பம். எச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்றாக மசியும். 2010இல் வந்த அமெரிக்க ஆய்வில் மூன்று வருடம் தாண்டியவர்கள் வைரஸ் உள்ளவர்களில் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57. வட ஆற்காட்டில் நாம் அதிகம் பார்ப்பது புகையிலையும் பாக்கும் கொண்டுவரும் கன்னம், நாக்கு, ஈறுப் புற்றுநோய். அமெரிக்கத் தொண்டையின் கணக்கை நம் ஊர் நாக்குக்குப் போட்டுப் பார்த்து சந்தோஷப்படுவதும் வீண், அழுவதும் வீண்.

சரி, எதை வைத்துத்தான் கணிப்பது? கட்டியின் ஆழம், கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவிய நோய் அதன் உறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்பது, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, உடல் எடை, ஹீமோகுளோபின். கடைசி இரண்டையும் பார்க்க எடை மெஷினும் சாதாரண ரத்தப் பரிசோதனையும் போதும். அதை விட்டுவிட்டு, ஒரு தனியார் லேப் ஏஜென்ட் சொன்னார் என்று ஜீன் டெஸ்ட்டுக்கு நகையை அடகு வைக்கப் பார்த்தான் மாமா மகன். "ரிசல்ட் வந்தா மருந்து மாறுமான்னு டாக்டரைக் கேட்டியாடா?" என்றேன். கேட்கவில்லை. இந்த நோயில் பெரும்பாலும் மாறாது. பிடி-எல்1 பார்ப்பது வேறு விஷயம், நோயெதிர்ப்பு மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் அது தேவைதான்.

எனக்கு உண்மையான ஆத்திரம் வேறு இடத்தில். ஆபரேஷன் செய்ய முடியாது என்றால் கீமோவோடு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். வழக்கமாக 35 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம். மூன்றாவது நான்காவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கினால்கூட உயிர் போகும். அப்போதுதான் "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் போறேன்" என்பார்கள். மாமாவும் சொன்னார், எடுத்தார். அதே நான்காவது வாரத்தை ஒட்டித்தான் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. ஒரு நாள் தள்ளிப்போனால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பது பல பழைய ஆய்வுகளின் கணக்கு. ஒரு வார ரெஸ்ட் எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளிக்கு நோயாளியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. முதலமைச்சர் காப்பீடு கரண்ட் செலவைப் பார்த்துக்கொள்ளும், ரூம் வாடகையைப் பார்க்காது. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் பெங்காலி போர்டு தொங்குகிறது, கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி முடித்துவிட்டுப் போகிறார்கள். பேரணாம்பட்டு, ஆலங்காயம் ஆட்கள் "பக்கம்தானே" என்று வாய்ப்புண்ணோடு தினமும் பஸ்ஸில் போய் வருகிறார்கள். பீடி சுற்றுகிற அத்தை துணைக்குப் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. முதலில் நின்றுபோவது துணை, அதற்கடுத்து சிகிச்சை.

மூக்கு டியூப் என்றதும் "கடைசி கட்டமா?" என்று பயப்படுவதும் இதே வகை. விழுங்க முடியாத வாரங்களில் எடை குறையாமல், சிகிச்சை நிற்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அது.

விலையைப் பற்றியும் ஒன்று. மும்பை டாடா மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்த முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16 சதவீதம், ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 43. "அந்த ஊசி லட்சக்கணக்கில் ஆகும்" என்று கேட்காமலே எழுந்து வருகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

டாக்டரிடம் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சிகிச்சை குணமாக்கவா, வலியைக் குறைக்கவா? வேலை செய்கிறதா என்று எப்போது தெரியும்? நடுவில் நிற்காமல் இருக்க நாங்கள் என்ன செய்யணும்? இதை நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். நோய் மிச்சம் இருக்கிறதா என்று கரண்ட் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் பெட் ஸ்கேன் தெளிவாகப் பேசும். மாமாவுக்கு அது அடுத்த மாதம். எல்லாம் தெரிந்துதான் காத்திருக்கிறார்.

ரயிலில் புற்றுநோய் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கினால் போதும். வேலூரிலோ காட்பாடியிலோ ஏழு வாரம் குறைந்த வாடகையில் தங்க இடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறார்.