அந்தப் பக்கத்தை நானும் படித்தேன்

மூன்று நாளாகச் சுற்றும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை. அதனால் நான் மறுபடி பகிரப் போவதில்லை. முதலாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரை, முதல் பக்கம். மேலே மூலையில் "முதல் வரைவு" என்று அந்தப் பிள்ளையே எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறது. பெயரை மட்டும் மறைத்துவிட்டார்களாம். பெரிய மனசு. பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள், மேலே ஒரு வரி: "இன்றைய மாணவர்களின் தரம் எங்கே போய்விட்டன பாருங்கள்." கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள்.

தரம் போய்விட்டன. சரி. அதை நான் வட்டமிடப் போவதில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ஒருவர் என் பெயரைக் குறிப்பிட்டு, "நீங்கள்தானே எழுத்துப் பாடம் நடத்துகிறீர்கள், கருத்து ஏதும் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். முதல் வரைவு என்பது மோசமாக இருக்க உரிமை உள்ள எழுத்து. அந்த உரிமையைப் பறித்துவிட்டு அப்புறம் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று அழாதீர்கள்.

சிரித்தீர்கள், சரி. படித்தீர்களா? நான் படத்தைப் பெரிதாக்கி நான்கு முறை படித்தேன். தலைப்பு, கைபேசியும் மாணவர் உறக்கமும். "மனிதன் தோன்றிய காலம் முதலே உறக்கம் இன்றியமையாத ஒன்றாக இருந்து வருகிறது" என்று தொடக்கம். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள், பிறகு வருபவர்களும் அப்படித்தான் தொடங்கப் போகிறார்கள். வெற்றுத்தாளைப் பார்த்த பயத்தில் தொண்டையைச் செருமிக்கொள்வது அது. இரண்டு ஒற்றுப்பிழை, ஒரு ஒருமை பன்மை மயக்கம். நடுவில் எங்கிருந்தோ எடுத்த இரண்டு வாக்கியங்கள், ஒட்டுப்போட்ட துணிபோல நிறம் மாறித் தெரிகின்றன. இதெல்லாம் உண்மை. ஒன்பதாவது வரிக்கு வாருங்கள்: "ஆனால் என் அறைத்தோழன் போனை அணைத்து வைத்த பிறகும் தூங்குவதில்லை."

இந்த வரியைச் சுற்றித்தான் பெரிய வட்டம். "ஆய்வுக் கட்டுரையில் சொந்தக் கதை!" என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

ஐயா, அந்தப் பக்கத்தில் ஆய்வு என்று இருப்பதே அந்த ஒரு வரிதான். போன் தூக்கத்தைக் கெடுக்கிறதா, தூக்கம் வராதவர்கள் போனை எடுக்கிறார்களா? ஒரே நாளில் ஆயிரம் பேரிடம் படிவம் கொடுத்து, எத்தனை மணிநேரம் போன், எத்தனை மணிநேரம் தூக்கம் என்று கேட்டால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது தெரியும். எது முன்னால், எது பின்னால் என்பது தெரியாது. அதற்கு அதே ஆட்களைப் பல மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆய்வு நெறிமுறை வகுப்பில் நாம் வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். அறைத்தோழனைப் பார்த்தே இந்தப் பிள்ளை அதன் வாசல் வரை வந்து நிற்கிறது. கட்டுரை ஒன்பதாவது வரியில் பிறந்துவிட்டது என்று அதற்கே தெரியவில்லை. தெரியாததால்தான் அது வரைவு. அதைக் காட்டிக் கொடுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

மரபு மரபு என்று பேசுகிறவர்களுக்காக ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தம் நன்னூல் இலக்கணத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றம் சொல்லி வைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. எண்ணிப் பாருங்கள். வழுவான சொல்லைப் பற்றியது பத்தில் ஒன்று. மற்ற ஒன்பதும் எண்ணம் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றியவை. குறைவாகச் சொன்னாயா, சொன்னதையே சொன்னாயா, முன்னால் சொன்னதைப் பின்னால் மறுத்தாயா, தொடங்கியதைவிட்டு வேறெங்கோ போனாயா, ஆரம்பத்தில் கொழுத்துக் கடைசியில் இளைத்துப் போனாயா. திருத்தி எழுதுவது என்றால் இந்த ஒன்பதையும் பார்ப்பது. நாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். (இந்தப் பதிவில் கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் உண்டு என்று யாரும் வந்து சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். இதுவும் முதல் வரைவுதான்.)

என்னைப் பெரிய உத்தமன் என்று நினைக்க வேண்டாம். முதல் சில வருடம் நானும் சிவப்பு மை ஆள்தான். அறுபது வரைவு வந்தால் அறுபதிலும் ஒவ்வொரு ஒற்றையும் திருத்துவேன். முதுகு ஒடிந்துவிடும். அடுத்த வாரம் பிள்ளைகள் நான் திருத்தியதை அப்படியே தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள். பிழை இருக்காது, உயிரும் இருக்காது. பிணத்துக்குப் பவுடர் பூசிய மாதிரி இருக்கும். அதற்கு நானே மார்க்கும் போடுவேன், நான் திருத்தியதற்கு எனக்கே.

பிறகுதான் மாணவர் எழுத்தை ஆராய்ந்த அமெரிக்கரான நான்சி சாமர்ஸ் 1980-இல் எழுதிய ஆய்வைப் படித்தேன். 20 மாணவர்கள், 20 அனுபவமுள்ள எழுத்தாளர்கள். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தி எழுதினார்கள். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது, வந்த சொல்லே திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது. அனுபவமுள்ளவர்களோ தங்கள் வாதத்தின் உருவம் என்ன என்று முதலில் தேடினார்கள், படிப்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவரே ஆசிரியர்களின் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தார். ஒரே வரைவில், ஒரே பத்தியில், "இந்த வாக்கியத்தைச் சரிசெய்" என்றும் "இந்தப் பத்தியை இன்னும் விரித்து எழுது" என்றும் எழுதியிருந்தார்கள். இடித்துக் கட்டப்போகும் சுவருக்கு இன்றே வெள்ளையடி என்பதுபோல. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியில் கிடந்த பழைய கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"தரம் விழுந்துவிட்டது, எங்கள் காலத்தில் இப்படியா" என்பவர்களுக்கு: உங்கள் காலம் எது? 1892-இலேயே ஹார்வர்ட் ஒரு குழு போட்டு, வருகிற மாணவர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்று அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகள் எழுதியதையே அதில் அச்சடித்தும் காட்டியது. அதாவது இந்தப் படம் போடும் வேலைக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். தரம் எந்த மாடியில் இருந்து விழத் தொடங்கியதோ, இன்னும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, தரையை மட்டும் தொடக் காணோம்.

"அறுபது பேருக்கு மூன்று வரைவு என்றால் நூற்றெண்பது, யார் படிப்பது?" இது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கை ஒடிகிறது, கண் எரிகிறது, குடும்பத்தில் திட்டு விழுகிறது. நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதாமல் ஒரு வரைவுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும். முதல் வரைவில் பிழை திருத்தவே மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்ட பிறகு என் நேரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு வகுப்பில் நூற்றிருபது பேரை அடைத்துவிட்டு இதைச் செய் என்றால் என்னாலும் முடியாது. அந்தக் கோபத்தை அங்கே, மேலே இருப்பவர்களிடம் காட்டுங்கள். பிள்ளையின் தாளில் காட்டாதீர்கள்.

"இப்போதுதான் ஏஐ எழுதிக் கொடுக்கிறதே, இனி வரைவாவது ஒன்றாவது" என்று ஒருவர். அந்த ஒன்பதாவது வரியை எந்த ஏஐ எழுதும், சொல்லுங்கள். அதற்கு அறைத்தோழன் கிடையாது. அடுத்து.

"நீங்கள் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கிறீர்கள்." நானா? என்னிடம் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். மார்க் விஷயத்தில் நான் கஞ்சன். மேற்கோள் காட்டினால் அந்த மூலத்தில் எந்தப் பக்கம் வரை படித்தாய் என்று எல்லார் முன்னாலும் கேட்பேன். சும்மா கேட்கவில்லை. அமெரிக்காவில் 16 கல்லூரிகளில் இருந்து 174 மாணவர் கட்டுரைகளை எடுத்து, மேற்கோள் ஒவ்வொன்றும் மூலத்தில் எங்கிருந்து வந்தது என்று தேடிய ஆய்வு ஒன்று உண்டு. 46 விழுக்காடு மூலத்தின் முதல் பக்கத்தில் இருந்தே வந்திருந்தது. முழுதாகப் படிக்காமல் வாக்கியத்தை மட்டும் உருவுகிறார்கள். படத்தில் இருந்த அந்த ஒட்டுத்துணி வாக்கியங்களும் அப்படித்தான் வந்திருக்கும். அதைக் கண்டிக்க வேண்டும், நானும் கண்டிப்பேன். ஆனால் ஏன் உருவுகிறார்கள்?

எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் உருவியிருக்கிறேன். முதுகலை முதல் வருடம். என் முதல் கட்டுரையின் முதல் பத்தியை ஒரு பேராசிரியர் வகுப்பில் ராகம் போட்டு வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த என் சிரிப்புதான் தாங்க முடியவில்லை. அதன்பிறகு ஒன்றரை வருடம் என் சொந்த வாக்கியம் ஒன்றைக்கூட எந்தக் கட்டுரையிலும் வைத்ததில்லை. அவர் சொன்னார், இவர் கூறுகிறார், இன்னொருவர் கருதுகிறார். அடுத்தவன் வாக்கியத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் இல்லையா? பிழை இல்லை, நல்ல மார்க். ராகம் போட்டவரே "இப்போது தேறிவிட்டாய்" என்று முதுகில் தட்டினார்.

பிறகு ஆய்வேட்டுக்கு வாய்த்த நெறியாளர், என் வரைவை ஒரு கோடுகூடப் போடாமல் திருப்பித் தந்தார். கடைசித் தாளின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தார்: "கட்டுரை 11-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முன்னால் இருப்பது நீ அங்கே வந்துசேர்ந்த வழி." அன்று இரவு முழுக்க அவரைத் திட்டினேன். பத்துப் பக்கம், இருபது நாள் வேலை. விடிந்ததும் 11-ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே, இரண்டு மேற்கோள்களுக்கு இடையில், நான் அறியாமல் என் சொந்த வாக்கியம் ஒன்று நழுவி விழுந்திருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்தப் படத்தின் கீழே சிரித்தவர்களில் ஒருவருடைய ஆய்வேட்டு வரைவை நான் படித்திருக்கிறேன். ஏழு முறை. முதல் வரைவில் ஆய்வுக் கேள்வி என்று ஒன்றே கிடையாது. மூன்றாம் இயலில் நிறுவியதை ஐந்தாம் இயலில் அவரே மறுத்திருந்தார். மேசையில் பரப்பி வைத்து, இரவு ஒரு மணி வரை அம்புக்குறி போட்டுப் போட்டு இருவரும் பேசியிருக்கிறோம். அப்போதும் கைபேசியில் கேமரா இருந்தது. படம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று அவர் முனைவர், நல்ல பெயர், எனக்கும் அதில் சந்தோஷம்தான். மறந்திருக்கலாம். ஏழாவது வரைவு அச்சாகிவிட்டால் முதல் ஆறும் யாருக்கும் நினைவிருக்காது போலிருக்கிறது. அவர் இதைப் படிப்பார். நட்பை முறித்தாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

படம் போட்டவரிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் கடைசி ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவு கணினியில் எங்காவது கிடக்கும். அதன் முதல் பக்கத்தையும் இங்கே போடுங்கள். பெயரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்தப் பக்கத்தை எழுதிய பிள்ளை. நீ யார் என்று எனக்குத் தெரியாது. இது உன் கண்ணில் பட்டால்: முதல் எட்டு வரியையும் அடித்துவிடு. ஒன்பதாவது வரியை மேலே கொண்டுவா. அறைத்தோழனிடம், போன் வாங்குவதற்கு முன்னால் ஒழுங்காகத் தூங்கினாயா என்று கேள். அவன் சொல்வதை வைத்துக்கொண்டு, ஒரே ஆட்களைப் பல மாதம் பின்தொடர்ந்த ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று நூலகத்தில் தேடு. ஒன்று கிடைத்தாலும் கடைசிப் பக்கம் வரை படி. ஒற்றுப்பிழையை மூன்றாவது வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.