குடலில் தெளிக்கும் நீலச் சாயம் பில்லை ஏற்றவா?

"பெருங்குடல் கட்டி காளான் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், கேமராவே காட்டிவிடும். கொலோனோஸ்கோப்பியில் (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையில்) நீலச் சாயம் தெளிப்பது பில்லை ஏற்றத்தான்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

எல்லாக் கட்டியும் துருத்தி நிற்பதில்லை. சில, குடல் சுவரோடு சுவராகத் தட்டையாகப் படரும். சில லேசாகக் குழிந்திருக்கும். நிறமும் பெரும்பாலும் சுற்றியுள்ள சவ்வை ஒத்தே இருக்கும். இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைத் தெளித்தால் அது செல்லுக்குள் போகாது. மேடுகளிலிருந்து வழிந்து நுண்ணிய பள்ளங்களில் தேங்கும். அதுவரை வெறும் இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில், பேனாவால் வரைந்தது போலக் கட்டியின் ஓரம் எழுந்து வரும்.

சரி, எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. பல வருடங்களாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் நீடிக்கும் அழற்சியும் புண்ணும்) உள்ளவர்களுக்குத்தான் இதன் அருமை அதிகம். 2015-ல் வெளியான 'சீனிக்' பன்னாட்டுப் பரிந்துரை, அவர்களுக்குப் பழைய ரகக் கேமராவென்றால் சாயத்தை அழுத்தமாகவே சொன்னது. உயர்தெளிவுக் கேமராவுக்கும் சொன்னது, ஆனால் அந்த அழுத்தம் இல்லாமல்.

மெத்திலீன் நீலம் என்ற இன்னொரு சாயத்தைச் செல்கள் உறிஞ்சும். அதனால் ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தாலோ, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தாலோ, மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், குடலைச் சரியாகக் கழுவாமல் போனால் எந்தச் சாயமும் உதவாது.