ஜே.ஆர். பாஸ் இப்போது கட்டுப்படியாகாது

மாணவனாக ஜப்பான் போனவர் மறுபடி அங்கே சுற்றிப் பார்க்கப் போனாலும் ஜே.ஆர். பாஸையே (ஜப்பான் ரயில்வே ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் போய்வர சுற்றுலாப் பயணிகளுக்குத் தரும் டிக்கெட்) எடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. அது பழைய கணக்குங்க. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போய்வர 30,000-க்குள் முடிந்துவிடும்.

படிக்கும்போது நாங்கள் நம்பியது லோக்கல் ரயில்களில் நாள் முழுக்கப் போகலாம் என்ற ‘செய்ஷுன் 18’ மலிவு டிக்கெட்டை. அதன் 5 நாளை இடைவெளி விட்டுப் பயன்படுத்தலாம், ஒரே டிக்கெட்டை நண்பர்களோடும் பகிரலாம். ‘மூன்லைட் நகரா’ என்ற இரவு ரயிலில் உட்கார்ந்தே தூங்கினால் ரூம் வாடகை மிச்சம்! அந்த ரயில் நின்றே போச்சு. டிக்கெட்டும் 2024 குளிர்காலம் முதல் தொடர்ச்சியான நாட்களுக்கு, அதுவும் ஒரே ஆளுக்குத்தான். இந்த முறை கையில் காசு இருந்தும் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலுள்ள ஹமாமத்சு வரை லோக்கல் ரயிலில்தான் போனேன் (முதுகு ஒத்துழைக்கவில்லை என்பது வேறு விஷயம்). ஒரே பகுதியைச் சுற்றுபவர்கள் வட்டாரப் பாஸ்களை முதலில் பாருங்கள்.